மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் தாண்டி ரஷ்யாவில் எங்கே போகலாம்?

கேள்வி இதுதான்: செப்டம்பரில் 12 நாள் ரஷ்யப் பயணம். கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் என மூன்று பேர், மனைவி சுத்த சைவம். மாஸ்கோவையும் பீட்டர்ஸ்பர்க்கையும் பார்த்தது போக மீதி நாளில், "தங்க வளையம்" என்கிற எட்டு ஊரையும் கார் எடுத்துச் சுற்றிவிடலாமா? கிராமம் எதையாவது பார்க்க வழி உண்டா?

சுற்ற முடியும், ஆனால் சுற்றாதீர்கள். பெரும்பாலான ஊர்களில் ஒரு மடமோ கோட்டையோ, வெங்காய வடிவக் குவிமாடங்களோ இருக்கும். காரிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடினால் மூன்றாம் நாள் எது சூஸ்தல், எது ரஸ்தோவ் என்று போட்டோவைப் பார்த்தால்கூடச் சொல்ல முடியாது. அந்த வளையமும் பழங்காலத்து யாத்திரைப் பாதை ஒன்றும் இல்லை. யூரி பிச்கோவ் என்ற பத்திரிகையாளர் 1967ல் மாஸ்கோவுக்கு வடகிழக்கே இருக்கும் பழைய ஊர்களைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார், அதிலிருந்து வந்த பெயர் அது. கோயில் பிரதட்சணம் போல முழுச் சுற்று வந்தால்தான் பலன் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து அங்கே மூன்று இரவாவது தங்குங்கள். ரஷ்யச் சிற்றூர் பகல் 11 மணிக்கு டூரிஸ்ட் பஸ் வரும்போது ஒரு மாதிரி இருக்கும், பஸ் போன பிறகு சாயங்காலம் வேறு மாதிரி இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

உங்கள் மூன்று பேருக்கும் நான் சொல்வது சூஸ்தல். மக்கள்தொகை பத்தாயிரம்கூட இல்லாத ஊர். 1860களின் தொடக்கத்தில் மாஸ்கோ–நீழ்னி நோவ்கரத் ரயில் பாதை வந்தபோது அது விளாதிமிர் வழியாகப் போய்விட்டது, சூஸ்தலுக்கு ரயில் வரவே இல்லை, இன்றுவரை இல்லை. வியாபாரம் படுத்தது, பெரிய தொழிற்சாலைகள் வரவில்லை. அன்றைக்கு ஊர்க்காரர்களுக்கு அது பெரிய அடி, இன்றைக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு அதனால்தான் ஒரு முழு ஊர் மிஞ்சியிருக்கிறது. மர வீடுகள், அவற்றின் ஜன்னலைச் சுற்றிச் செதுக்கிய மரச் சட்டங்கள் (வீட்டுக்கு வீடு வேறு வேறு வடிவம், இதைப் பார்க்கவே ஒரு சாயங்காலம் தெருத் தெருவாக நடக்கலாம்), நடுவே வளைந்து போகும் காமென்கா என்கிற சின்ன ஆறு, ஆற்றங்கரைப் புல்வெளி, எங்கே திரும்பினாலும் ஒரு தேவாலயம். தேவாலயங்கள் பல இடத்தில் ஜோடியாக நிற்பதைக் கவனியுங்கள். பெரியது கோடைக்கு, அதைச் சூடுபடுத்த முடியாது. பக்கத்தில் தாழ்வாக, சிறிதாக இருப்பது குளிர்காலத்துக்கு, அதற்குள் அடுப்பு மூட்டி வழிபாடு நடத்துவார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் பேராலயம் 1222–25ல் கட்டியது, நீலக் குவிமாடங்களில் தங்க நட்சத்திரங்கள் பதித்தது. உள்ளே செம்புத் தகட்டில் தங்கத்தால் உருவங்கள் தீட்டிய கதவுகள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடாதீர்கள், குவிமாடத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அதிகம். ஊரின் வட முனையில் செந்நிற மதில் சூழ்ந்த புனித யெவ்ஃபீமி மடம். 1766ல் இரண்டாம் கத்தரீன் காலத்தில் இதன் ஒரு பகுதி சிறையானது. இரண்டாம் உலகப் போரில் ஸ்டாலின்கிராடில் சரணடைந்த ஜெர்மன் ஃபீல்ட் மார்ஷல் பாவுலுஸ் 1943ல் சிறிது காலம் இங்கே வைக்கப்பட்டிருந்தார். இன்று அருங்காட்சியகம். பகலில் மணிக்கூண்டில் மணி வாசிப்பார்கள், வாசிப்பார்கள் என்றே சொல்ல வேண்டும். ரஷ்ய மணி ஆடாது, மணி அசையாமல் தொங்கும், அதன் நாக்கில் கட்டிய கயிறுகளைக் கையாலும் காலாலும் இழுத்து ஒரே ஆள் பெரிய மணி, சின்ன மணி எல்லாவற்றையும் தாளமாகக் கொண்டுவருவார். கீழே நின்று முழுவதும் கேளுங்கள்.

கிராமம் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு முன்னேற்பாடாக ஆற்றின் மறுகரையில் இருக்கும் மரக் கட்டுமான அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்கள். விளாதிமிர் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து மர தேவாலயங்களையும் வீடுகளையும் காற்றாலைகளையும் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மறுபடி பூட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் போனால் பாதி இடத்தை அடுப்பே எடுத்துக்கொண்டிருக்கும். அந்த அடுப்பில்தான் சமையல், ரொட்டி, வீட்டுச் சூடு எல்லாம், குளிர்காலத்தில் கிழவர்களும் குழந்தைகளும் அதன் மேலேயே படுப்பார்கள். எதிர் மூலையில் சாமி படங்கள், உத்தரத்தில் தொங்கும் தொட்டில், ஜன்னலோரம் தறி. ஆறு மாதக் குளிரை ஒரே அறையில் ஒரு குடும்பம் எப்படிக் கடந்தது என்பது இங்கே ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும், அப்புறம் நிஜமான கிராமத்துக்குப் போகும்போது எதைப் பார்க்கிறோம் என்று தெரியும்.

நிஜக் கிராமத்துக்கு டூர் எதுவும் தேவையில்லை. சூஸ்தலிலிருந்து வாடகை சைக்கிளோ டாக்ஸியோ எடுத்து நேர்ல் ஆற்றங்கரையில் இருக்கும் கீதெக்ஷா கிராமத்துக்குப் போங்கள், நான்கைந்து கிலோமீட்டர்தான். 1152ல் கட்டிய வெள்ளைக் கல் தேவாலயம் ஒன்று ஆற்றுமேட்டில் நிற்கிறது, விளாதிமிர்–சூஸ்தல் வட்டாரத்தின் வெள்ளைக் கல் கட்டடங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. அதைச் சுற்றி உருளைக்கிழங்குப் பாத்தி, முட்டைக்கோஸ், வேலியோரம் அடுக்கிய விறகு. செப்டம்பரில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருப்பார்கள். வேலிக்கு வெளியே நின்று ஒரு வணக்கம் சொன்னால் பெரும்பாலும் நின்று பேசுவார்கள், மொழி தெரியாவிட்டாலும் இந்தியா என்று சொன்னவுடன் வயதானவர்கள் ராஜ்கபூர், மிதுன் சக்கரவர்த்தி என்று ஆரம்பித்துவிடுவது இன்னும் நடக்கிறது.

விளாதிமிரை வழியில் ஒரு நாள் பாருங்கள். மாஸ்கோவிலிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே பஸ் நிலையம், அங்கிருந்து சூஸ்தலுக்கு ஒரு மணி நேரப் பஸ். உஸ்பென்ஸ்கி பேராலயத்தில் அந்திரேய் ரூப்ளியோவும் தனீல் சோர்னியும் 1408ல் தீட்டிய சுவரோவியங்களில் ஒரு பகுதி மிஞ்சியிருக்கிறது. மேற்குப் பக்க வளைவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், இறுதித் தீர்ப்பு நாள் காட்சி அது, ஆனால் பயமுறுத்தும் முகம் ஒன்றுகூட இல்லை. நடந்து போகும் தூரத்தில் 1190களில் கட்டிய திமீத்ரி பேராலயம், வெளிச்சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பம், சிங்கம், பறவை, கொடி, அலெக்சாண்டர் வானத்துக்குப் பறக்கும் காட்சிகூட உண்டு. கோயில் சிற்பம் பார்த்துப் பழகிய நம் ஆட்களுக்கு இங்கே நேரம் போவதே தெரியாது.

அடுத்தது பொகல்யூபவா. இதற்காகவே இந்த வட்டாரத்தைச் சொல்கிறேன் என்றால் மிகையில்லை. விளாதிமிருக்குப் பக்கத்து ஊர், ரயில் நிலையத்திலிருந்து புல்வெளி வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும், நடைபாதை உண்டு, கார் போகாது. கோடியில் நீரோரம் ஒற்றை வெள்ளைத் தேவாலயம், ஒரே குவிமாடம், சுற்றிலும் வேறு கட்டடமே கிடையாது. அந்திரேய் பகல்யூப்ஸ்கி என்ற இளவரசர் 12ஆம் நூற்றாண்டில், 1165ஐ ஒட்டிக் கட்டியது. வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகினால் அந்த வெளி முழுவதும் நீரில் மூழ்கும். அதனால் அஸ்திவாரத்துக்கு மேலே பல மீட்டர் சுவரை எழுப்பி, உள்ளும் புறமும் மண்ணைக் கொட்டி, மேட்டை உருவாக்கிய பிறகுதான் மேலே தேவாலயத்தைக் கட்டியிருக்கிறார்கள். எண்ணூற்றைம்பது ஆண்டு வெள்ளத்தைத் தாங்கி நிற்கிறது. காலையில் சீக்கிரம் போங்கள், ரப்பர் அடி உள்ள காலணி போடுங்கள், செப்டம்பரில் புல் நனைந்திருக்கும்.

பான்யா என்கிற ரஷ்ய நீராவிக் குளியலுக்கு வருவோம். சூஸ்தலில் மர வீட்டு விருந்தினர் விடுதிகள் நிறைய உண்டு, பின்கட்டில் பான்யா இருக்கும் விடுதியாகப் பார்த்துப் பிடியுங்கள். கனன்று கிடக்கும் கற்களின் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆவி கூரைக்கு எழும்பும். மேல் பலகையில் சூடு அதிகம், முதல் தடவை கீழ்ப் பலகையில் உட்காருங்கள், தலைக்குக் கம்பளித் தொப்பி தருவார்கள், அதைப் போடாமல் உட்கார்ந்தால் மயக்கம் வரலாம். பிர்ச் மரக் கிளைகளைக் கட்டிய கொத்தை வெந்நீரில் ஊறவைத்து முதுகிலும் காலிலும் தட்டுவார்கள், வலிக்காது, நல்ல இலை மணம் வரும். பத்து நிமிடத்தில் வெளியே வந்து குளிர்ந்த நீரை மொத்தமாக ஊற்றிக்கொண்டு, உட்கார்ந்து தேநீர் குடித்து, மறுபடி உள்ளே. இரண்டு மூன்று சுற்று போதும். பொதுப் பான்யாவில் ஆண் பெண் தனித்தனி. விடுதிப் பான்யாவைக் குடும்பத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம், உங்களுக்கு அதுதான் சரி. இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் வேண்டாம்.

செப்டம்பர் என்றால் காளான் காலம். ரஷ்யர்களுக்கு இது வெறும் சமையல் விஷயம் இல்லை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கென்று ஒரு காட்டு மூலை உண்டு, அந்த இடத்தை அடுத்தவரிடம் சொல்ல மாட்டார்கள். புறநகர் மின்சார ரயிலில் சனிக்கிழமை காலை கூடையும் கத்தியுமாக ஏறும் கூட்டத்தைப் பார்க்கலாம். விடுதிக்காரர் கூட்டிப் போனால் தாராளமாகப் போங்கள், பறியுங்கள், ஆனால் அவர் பார்த்துச் சரி என்று சொல்லாத எதையும் வாயில் வைக்காதீர்கள், நச்சுக் காளான் ஆளைக் கொல்லும். அதே ரயிலில் தாச்சாவுக்குப் போகிற கூட்டமும் இருக்கும். சோவியத் காலத்தில் நகரத்துத் தொழிலாளர்களுக்கு ஊருக்கு வெளியே 600 சதுர மீட்டர் நிலம் தோட்டம் போடக் கொடுத்தார்கள், அதில் ஒரு சின்ன மர வீடு, நான்கு ஆப்பிள் மரம், வெள்ளரிப் பந்தல். வெள்ளி மாலை மாஸ்கோவிலிருந்து வெளியேறும் ரயிலும் ரோடும், ஞாயிறு மாலை திரும்பும் ரயிலும் ரோடும் இதனாலேயே நெரியும், அந்த இரண்டு நேரத்திலும் பயணம் வைக்காதீர்கள்.

சாப்பாடு. மனைவி சைவம் என்பதால் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும், ஆனால் பயப்பட வேண்டியதில்லை. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, பீட்ரூட் சூப்பான போர்ஷ், முட்டைக்கோஸ் சூப்பான ஷீ இரண்டும் பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்த நீரில் செய்தவை, துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். கேட்க வேண்டிய சொல் "போஸ்த்னயா". ஆர்த்தடாக்ஸ் விரத நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது என்பதால் அந்த வகைச் சமையல் அங்கே காலங்காலமாக இருக்கிறது, புதனும் வெள்ளியும் பெரும்பாலான வாரங்களில் விரத நாள், மடங்களை ஒட்டிய உணவகங்களில் தேடினால் கிடைக்கும். இதில் சில நாட்களில் மீன் சேர்ப்பார்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, முட்டை இல்லையா என்று கேட்டுக்கொண்டு, காளானும் வெங்காயமும் போட்ட பக்வீட் கஞ்சி, உருளைக்கிழங்கு அடைத்த வரேனிகி (கொழுக்கட்டை மாதிரி), முட்டைக்கோஸ் வைத்த பிரோஷ்கி (சின்ன பன்). முட்டை சாப்பிடுவார் என்றால் ஜாம் தடவிய பிளினியும் (மெல்லிய அப்பம்) பாலாடைக்கட்டியில் சுடும் சீர்னிகியும் காலை உணவுக்கு அருமை. சூஸ்தல் வெள்ளரிக்கு பேர்போன ஊர், ஜூலையில் வெள்ளரித் திருவிழாவே நடக்கும். செப்டம்பரில் சந்தையில் பெரியம்மாக்கள் ஜாடியில் விற்கும் உப்பு வெள்ளரிக்காய் வாங்குங்கள், சதகுப்பைக் கீரையும் பூண்டும் போட்டது, நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

மாஸ்கோவில் இருக்கும்போது ஒரு நாளை தூலாவுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தெற்கே இருநூறு கிலோமீட்டருக்குள். ஊரில் சமோவார் (தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் பாத்திரம்) அருங்காட்சியகமும், ஜாம் வைத்து அச்சில் அழுத்திச் சுடும் தேன் ரொட்டியும் பிரசித்தம். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் யாஸ்னயா பல்யானா, டால்ஸ்டாயின் பண்ணை வீடு. பிர்ச் மரச் சாலை, குளம், ஆப்பிள் தோட்டம், அவர் எழுதிய மேசை, 22,000 புத்தகம் கொண்ட அவருடைய நூலகம் எல்லாம் அப்படியே வைத்திருக்கிறார்கள். 1908 டிசம்பரில் இந்தியப் புரட்சியாளர் தாரக்நாத் தாஸுக்கு அவர் எழுதிய கடிதம் இந்த வீட்டிலிருந்து போனதுதான், காந்தி அனுமதி வாங்கித் தென்னாப்பிரிக்காவில் வெளியிட்ட அதே கடிதம். அதில் அவர் திருக்குறளை, இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து, மேற்கோள் காட்டியிருக்கிறார். காட்டுக்குள் சற்று நடந்தால் அவர் கல்லறை. சிலுவை இல்லை, கல் இல்லை, பெயர்கூட இல்லை, புல் மூடிய ஒரு மண்மேடு மட்டும். அவரே கேட்டுக்கொண்ட இடம், கேட்டுக்கொண்ட விதம். அங்கே சத்தமாகப் பேச மாட்டார்கள், நீங்களும் மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

பீட்டர்ஸ்பர்க்குக்கு நேரே போகாமல் வழியில் வெலீக்கி நோவ்கரத்தில் இறங்குங்கள். மாஸ்கோவிலிருந்து இரவு ரயில் உண்டு, பெட்டியின் கோடியில் எந்நேரமும் கொதிநீர் இருக்கும், கண்ணாடி டம்ளரை உலோகப் பிடியில் வைத்துத் தேநீர் தருவார்கள், அந்த இரவே ஒரு அனுபவம். நோவ்கரத்தில் 1045–50ல் கட்டிய சோஃபியா பேராலயம் இருக்கிறது, ஆனால் நான் உங்களை அனுப்புவது பிர்ச் மரப்பட்டைக் கடிதங்களுக்காக. 1951 ஜூலையில் அகழாய்வில் முதல் கடிதம் கிடைத்தது, இன்று ஆயிரத்து நூறுக்கும் மேல். எழுத்தாணியால் பட்டையில் கீறியவை, ஈரக் களிமண்ணில் புதைந்ததால் அழியாமல் இருந்தன. ராஜா விவகாரம் இல்லை, கடன் பாக்கி, மீன் கணக்கு, கல்யாணப் பேச்சு, புருஷன் மேல் புகார். 13ஆம் நூற்றாண்டில் ஓன்ஃபிம் என்ற சின்னப் பையன் அகரவரிசை எழுதிப் பழகிய பட்டைகளும் இருக்கின்றன, பாடம் அலுத்துப்போய் நடுவில் குதிரை மேல் தன்னையே வீரனாக வரைந்துவைத்திருக்கிறான். உங்கள் மகளுக்கு இது பிடிக்கும்.

கிஜி தீவையும் பலர் சொல்வார்கள். 1714ல் மரத்தால் கட்டிய, 22 குவிமாடம் கொண்ட தேவாலயம், ஈடு இணையில்லாதது. பெத்ரசவோத்ஸ்கிலிருந்து அனேகா ஏரியில் படகில் போக வேண்டும், காற்று அடித்தால் படகு நிற்கும், உங்கள் 12 நாளில் அதைத் திணித்தால் மற்றதெல்லாம் நசுங்கும். இந்தத் தடவை வேண்டாம்.

ஆக மாஸ்கோ தூலாவோடு சேர்த்து மூன்று நாள், விளாதிமிர்–சூஸ்தல் நான்கு, நோவ்கரத் இரண்டு, பீட்டர்ஸ்பர்க் மூன்று. கார் தேவைப்படாது.

சில நடைமுறை விஷயங்கள். 2022 முதல் வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அங்கே வேலை செய்யாது. கசங்காத டாலரோ யூரோவோ கொண்டுபோய் வங்கியில் மாற்றுங்கள், விடுதியும் அங்கே வந்து பணமாகக் கொடுக்கலாம் என்பதாக இருக்கட்டும். இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து மின் விசா உண்டு, தங்கும் நாள் கணக்கு மாறிவந்திருக்கிறது, விண்ணப்பிக்கும்போது அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். போர் நடக்கும் நாடு என்பதை மறக்க வேண்டாம். ட்ரோன் எச்சரிக்கை வந்தால் விமான நிலையங்களைத் திடீரென்று மூடுகிறார்கள், மொபைல் இணையத்தையும் பல வட்டாரங்களில் நிறுத்துகிறார்கள். அதனால் வரைபடம், மொழிபெயர்ப்பு, விடுதி முகவரி மூன்றையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி போனில் இறக்கிவையுங்கள், உள்நாட்டுப் பயணத்தை ரயிலிலேயே வையுங்கள், திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே அந்த ஊரில் இருங்கள். உக்ரைன் எல்லையை ஒட்டிய மாகாணங்கள் பக்கம் போகவே வேண்டாம். ராணுவத்தார், பாலம், ரயில் யார்டு இதையெல்லாம் படம் எடுக்காதீர்கள்.

தேவாலயத்துக்குள் பெண்கள் தலையை மூட வேண்டும், ஒரு துப்பட்டா போதும். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். பூசை நடக்கும்போது எல்லோரும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள், ஓரமாக நின்று கேளுங்கள், வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் பாடுவார்கள். யாராவது வீட்டுக்கு அழைத்தால் செருப்பை வாசலில் கழற்றுங்கள், பூ கொண்டுபோனால் ஒற்றைப்படையில் கொண்டுபோங்கள், இரட்டைப்படை துக்க வீட்டுக்கு. அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை ஒன்று, அது போக மாதத்தில் ஒரு நாள் சுத்தம் செய்யும் விடுமுறை உண்டு, இடத்துக்கு இடம் மாறும், யாஸ்னயா பல்யானா போகும் நாளுக்காவது இதை முன்கூட்டியே பாருங்கள். சிரிலிக் எழுத்தை இப்போதிருந்தே பழகுங்கள், 33 எழுத்துதான், பஸ் பலகையும் உணவுப் பட்டியலும் படிக்கத் தெரிந்தால் சூஸ்தலில் பாதி வேலை முடிந்தது. பகலில் 15 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 7, 8க்கு இறங்கும், மழையும் உண்டு, அதற்கேற்ற துணி எடுத்துக்கொள்ளுங்கள்.